நலமாக இருப்பவர்களின் தொண்டையில்

1997 அக்டோபரில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்த மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. வாயைத் திறக்கச் சொல்லி, தொண்டையின் பின்சுவரைப் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்தார்கள். முதல் நாள் சோதிக்கப்பட்டவர்களில் 6.9 சதவீதம் பேரிடம் மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருந்தது. இரண்டாம் நாள் 11.2 சதவீதம், மூன்றாம் நாள் 19, நான்காம் நாள் 23.1. புதுமுகங்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு, மதுக்கூடங்களில் நெருக்கியடித்து நின்று, புகைபிடித்து, முத்தமிட்டுக் கழித்த அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே கிருமியைச் சுமப்பவர்களின் பங்கு மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. உணவோடு கூடிய விடுதிகளில் டிசம்பருக்குள் அது 34 சதவீதத்தைத் தொட்டது. காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் எடுத்த கணக்கில்லை இது. வகுப்புக்குப் போய் வந்துகொண்டிருந்த, உடம்புக்கு ஒன்றுமில்லாத இளைஞர்களிடம் எடுத்தது.

அதே பாக்டீரியாதான் மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வைத் தாக்கி மெனிஞ்சைட்டிஸை உண்டாக்குகிறது. ரத்தத்தில் புகுந்து பெருகினால் தோலில் செந்நீலப் புள்ளிகள் தோன்றும். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் அவை மறையாது. காலையில் தலைவலி என்று படுத்த பிள்ளை மறுநாள் விடிவதற்குள் இறந்துபோகக்கூடிய நோய் இது. உரிய மருந்து கொடுத்தும் நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவரை இழக்கிறோம். பிழைப்பவர்களிலும் பத்து முதல் இருபது சதவீதம் பேருக்குக் காது கேட்காமல் போகிறது, மூளையில் பாதிப்பு தங்கிவிடுகிறது, விரல்களையோ கை கால்களையோ வெட்டி எடுக்க வேண்டியதாகிறது. மெனிஞ்சைட்டிஸுக்கு வேறு காரணங்களும் உண்டு: நிமோகாக்கஸ், ஹிப், காசநோய்க் கிருமி, பல வைரஸ்கள். ஆனால் கொத்துக் கொத்தாகப் பரவி ஊர்களைக் கலங்கடிப்பதில் மெனிங்கோகாக்கஸுக்கு இணை கிடையாது. இவ்வளவு கொடிய ஒன்று இவ்வளவு பேரின் தொண்டையில் சத்தமின்றி எப்படி இருக்கிறது? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே தடுப்பூசியை யாருக்குப் போடுவது, ஒரு நோயாளி வந்தால் யாருக்கு மருந்து கொடுப்பது, யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்பதெல்லாம் தீர்மானமாகின்றன.

மனிதனைத் தவிர இந்தப் பாக்டீரியாவுக்கு வேறு வீடு இல்லை. விலங்கில் வாழாது, தண்ணீரிலோ மண்ணிலோ தாக்குப்பிடிக்காது, உடலுக்கு வெளியே சீக்கிரம் செத்துப்போகும். மூக்கும் தொண்டையும் சந்திக்கும் இடத்தின் ஈரச் சவ்வில், மயிரிழை போன்ற நுண்ணிழைகளால் செல்களைப் பற்றிக்கொண்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இருக்கும். அங்கிருந்து எச்சில் துளி வழியாக நெருக்கமான இன்னொருவரின் தொண்டைக்குப் போகும். இதைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. உள்நாக்குக்குப் பின்னால் போகும்படி பஞ்சுக்குச்சியை நுழைத்து, நாக்கிலும் பல்லிலும் படாமல் எடுத்து, தாமதிக்காமல் தட்டில் தேய்க்க வேண்டும். ரத்தத்தைச் சூடாக்கிக் கலந்ததால் சாக்லேட் நிறம் ஏறிய அகார் அந்தத் தட்டில் இருக்கும். தொண்டையில் குடியிருக்கும் மற்ற கிருமிகள் மூடிவிடாமலிருக்க அதில் ஆன்டிபயாடிக்குகளும் சேர்ந்திருக்கும். உடல் சூட்டில், கரியமில வாயு சற்று கூடுதலாக உள்ள பெட்டியில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்த பிறகு சாம்பல் நிறத்தில், ஈரப் பளபளப்போடு சிறு புள்ளிகள் எழும். ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் கைக்குழந்தைகளில் 5 சதவீதத்துக்கும் குறைவானோர், 19 வயதை ஒட்டியவர்களில் ஏறத்தாழ 24 சதவீதம் பேர், 50 வயதில் 8 சதவீதம் பேர் இதைச் சுமக்கிறார்கள். நோய் அதிகம் தாக்குவதோ ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை. கிருமி மிகுதியாக இருக்கும் இடம் ஒன்று, நோய் மிகுதியாக விழும் இடம் வேறொன்று. இந்தப் பொருத்தமின்மையே சிந்திக்கத் தொடங்க வேண்டிய இடம்.

கிருமி முதலில் தொண்டையில் தங்கும், மெல்ல மெல்லப் பெருகும், பல மாதம் கழித்து ஒரு நாள் மூளைக்கு ஏறும் என்று பொதுவாக நினைக்கிறோம். அறிகுறியில்லாத காலம் நோயின் முதல் அத்தியாயம் என்று கொள்கிறோம். பெரும்பாலும் இது தவறு. மெனிங்கோகாக்கஸ் நோய் வருகிறவர்களுக்கு, கிருமி தொற்றிய இரண்டு முதல் பத்து நாட்களுக்குள், சாதாரணமாக மூன்று நான்கு நாட்களிலேயே வந்துவிடுகிறது. அந்தச் சில நாட்களைத் தாண்டியவருக்கு, மாதக்கணக்கில் அதைச் சுமந்தாலும், தன் தொண்டையில் இருக்கும் அந்தக் கிருமியால் ஆபத்து மிகக் குறைவு. ஆக, கிருமியைச் சுமப்பதும் நோய்வாய்ப்படுவதும் ஒரே பாதையின் முன் பின் கட்டங்கள் இல்லை; தொற்று நிகழ்ந்த உடனே பிரியும் இரண்டு பாதைகள். மிகப் பெரும்பாலோர் ஒன்றில் போகிறார்கள். மிகச் சிலர் மற்றதில் விழுகிறார்கள்.

இதற்கு உறுதியான சான்று அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்து ராணுவப் பயிற்சி முகாமான ஃபோர்ட் டிக்ஸிலிருந்து வந்தது. கோல்ட்ஷ்னைடர், காட்ஷ்லிக், ஆர்டன்ஸ்டைன் என்ற மூவர் 1969இல் வெளியிட்ட ஆய்வு அது. பயிற்சிக்கு வந்த 14,744 பேரிடம், எவருக்கும் நோய் வருவதற்கு முன்பே, ரத்தம் எடுத்துப் பாதுகாத்து வைத்தார்கள். பிறகு மெனிஞ்சைட்டிஸ் வந்தவர்களில் 54 பேரின் ரத்தம் அந்தச் சேமிப்பில் கிடைத்தது. அந்த 54 பேரின் பழைய ரத்தத்தை எடுத்து, அவர்களைத் தாக்கிய அதே கிருமியைக் கொல்லும் எதிரணு (ஆன்டிபாடி) அதில் இருந்ததா என்று பார்த்தபோது, வெறும் 3 பேரிடம்தான் இருந்தது. அதே முகாமில் நோய் வராதவர்களின் ரத்தத்தில் 82 சதவீதத்தில் அது இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது: கிருமியைச் சுமக்கத் தொடங்கிய பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் அதற்கான எதிரணு உருவாகிவிட்டது. தொண்டையில் தங்கும் கிருமியே, தங்கியிருக்கும் காலத்திலேயே, அந்த உடலுக்குப் பாதுகாப்பைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. நோய்க்கு எதிரான நமது முதல் அரண் இந்த அறிகுறியில்லாத தொற்றினாலேயே எழுப்பப்படுகிறது என்பதை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிய இந்த ஆய்வு, மருத்துவ உலகுக்கு வெளியே இன்னும் போய்ச் சேரவில்லை. அது எனக்கு வருத்தம் தருகிறது.

ஒரு குறிப்பிட்ட உடலில் விபத்து நிகழ்வது ஏன் என்பதற்குப் பாதி விடைதான் கிடைத்திருக்கிறது. எதிரணுவோடு சேர்ந்து பாக்டீரியாவைத் துளைத்துக் கொல்லும் காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதி ரத்தத்தில் உண்டு. அதன் கடைசிக் கண்ணிகள் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஆயிரம் மடங்குக்கு மேல். தொண்டைச் சவ்வு புண்பட்டிருந்தாலும் வழி திறக்கிறது. சிகரெட் புகை, பிறர் விடும் புகை உட்பட, ஆபத்தைக் கூட்டுகிறது. கிருமியின் வகையும் முக்கியம். அதன் மேலுறையின் வேதியியலைக் கொண்டு பிரிவுகள் வகுத்திருக்கிறார்கள். ஏ, பி, சி, டபிள்யூ, எக்ஸ், ஒய் என்ற ஆறு பிரிவுகளே ஏறத்தாழ எல்லா நோய்களுக்கும் காரணம். நலமானவர்களின் தொண்டையில் கிடைப்பவற்றில் பல, அந்த உறையே இல்லாத சாதுவான வகைகள். ஆப்பிரிக்காவில் செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் மெனிஞ்சைட்டிஸ் பட்டையில், சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று தூசியோடு வீசும் மாதங்களில் நோய் கொழுந்துவிடுகிறது. முதல் மழையோடு அடங்குகிறது. தூசியும் வறட்சியும் சவ்வைப் பழுதாக்கி, ஏற்கெனவே அங்கிருக்கும் கிருமிக்கு ரத்தத்தின் கதவைத் திறந்துவிடுகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் வலுவானது.

இவ்வளவு தெரிந்த பிறகு முதலில் எழும் எதிர்க்கேள்வி நியாயமானது: சுமப்பவர்களைத் தேடிப் பிடித்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, தொண்டையைச் சுத்தம் செய்துவிட்டால் என்ன? இதை உலகம் செய்து பார்த்துவிட்டது. முதல் உலகப் போரின்போது, 1917 வாக்கில், இங்கிலாந்தின் கேட்டர்ஹாம் ராணுவப் பயிற்சி நிலையத்தில் ஜே. ஏ. குளோவர் என்ற மருத்துவர் வீரர்களின் தொண்டையை விடாமல் பரிசோதித்து வந்தார். போர்க்கால நெரிசலில் கட்டில்களுக்கு இடையே ஓரடி இடைவெளிகூட இல்லாதபோது சுமப்பவர்கள் ஏறினார்கள்; கட்டில்களைத் தள்ளிப் போட்டதும் இறங்கினார்கள். 20 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து என்று அவர் கோடு கிழித்தார். அந்தக் கோடு பிற்காலத்தில் நிற்கவில்லை. நாட்டிங்ஹாமின் நான்காம் நாளே அதைத் தாண்டிவிட்டது என்பதைப் பார்த்தோம். எத்தனை பேர் சுமக்கிறார்கள் என்பதைவிட எந்த வகையைச் சுமக்கிறார்கள், அவர்களைச் சுற்றி எதிரணு இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதே கணக்கு. ஆனால் கட்டில் இடைவெளி பற்றி அவர் சொன்னது இன்றைக்கும் பொருந்தும். அகதி முகாம், சிறைச்சாலை, மாணவர் விடுதி எதைக் கட்டுகிறவரும் அதை மறக்கக் கூடாது.

இரண்டாம் உலகப் போரில் சல்ஃபா மருந்து வந்தபோது அமெரிக்க ராணுவம் முகாம் முகாமாக எல்லோருக்கும் அதைக் கொடுத்தது. சுமப்பவர்களும் குறைந்தார்கள், நோயும் குறைந்தது. வெற்றி என்று கொண்டாடி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதையே நம்பினார்கள். 1963இல் கலிஃபோர்னியாவின் ராணுவ முகாம்களில் சல்ஃபாவுக்கு மசியாத மெனிங்கோகாக்கஸ் தலைதூக்கியது. ஃபோர்ட் ஆர்ட் முகாமில் பயிற்சியையே சில காலம் நிறுத்த வேண்டியதாயிற்று. நலமானவர்களின் தொண்டைகளை மொத்தமாக மருந்தால் துடைத்தெடுப்பதன் விலை இது. சுத்தமான தொண்டை சுத்தமாகவே இருக்கப்போவதுமில்லை. அடுத்த வாரம் பக்கத்துக் கட்டிலிலிருந்து மறுபடி தொற்றும். எதிரணுவைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த சாதுவான கிருமிகளையும் அந்த மருந்து கொன்றுவிடும். அவற்றில் ஒன்றான நைசீரியா லாக்டாமிகா சிறு குழந்தைகளின் தொண்டையில் பரவலாக வாழ்வது, நோய் உண்டாக்காது. இங்கிலாந்தில் 310 மாணவர்களை வைத்து நடந்த ஒரு சோதனையில், இந்தக் கிருமியைச் சொட்டுகளாக மூக்கில் விட்டபோது, அது குடியேறியவர்களிடம் மெனிங்கோகாக்கஸ் இரண்டு வாரத்துக்குள் குறையத் தொடங்கியது. 2015இல் வெளியான முடிவு அது. ஒரு தீங்கில்லாத குடியிருப்பாளர் தீங்கான ஒன்றை வெளியேற்ற முடியும் என்றால், தொண்டையை வெறுமையாக்குவது எவ்வளவு கண்மூடித்தனம் என்பது புரியும்.

அப்படியானால் ஒரு வீட்டில் ஒருவருக்கு நோய் வந்ததும் மற்றவர்களுக்கு மட்டும் ரிஃபாம்பிசினோ சிப்ரோஃப்ளாக்சசினோ கொடுப்பது ஏன்? முரண்பாடு போலத் தெரியும், இல்லை. நோயாளிகளில் பெரும்பாலோர் இன்னொரு நோயாளியிடமிருந்து கிருமியைப் பெற்றவர்கள் அல்ல. நலமாக இருக்கும் யாரோ ஒருவர், பெரும்பாலும் அதே வீட்டில் இருப்பவர், கொடுத்தது. ஆபத்தான வகை ஒன்று அந்த வீட்டுக்குள் உலவுகிறது என்பதற்கு அந்த நோயாளியே சாட்சி. வீட்டாருக்கு அடுத்த சில நாட்களில் நோய் வரும் வாய்ப்பு பொதுமக்களைவிட 500 முதல் 800 மடங்கு அதிகம். ஆனாலும் ஆயிரத்துக்கு நான்கு பேர் அளவில்தான். எனவே வீட்டுக்குள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து, தொண்டை மாதிரி எடுத்து முடிவுக்காகக் காத்திருக்காமல். பென்சிலின் மட்டும் பெற்றுக் குணமானவர் வீடு திரும்புமுன் அவருக்கும், ஏனென்றால் பென்சிலின் உயிரைக் காப்பாற்றும், தொண்டைக் கிருமியை அகற்றாது. பள்ளி முழுக்க, தெரு முழுக்கக் கொடுப்பதில்லை. ஆபத்து குவிந்திருக்கும் சிறு வட்டத்தில், குறுகிய நாட்களுக்கு மட்டும் மருந்து.

கொரோனா காலத்தில் சென்னையில் தொற்றாளர்களின் வீட்டு வாசலில் தகரம் அடித்ததை நாம் பார்த்தோம். நலமாக நடமாடும் ஒருவர் கிருமியைத் தருகிறார் என்று தெரிந்தவுடன் அவரைக் குற்றவாளியாக நிறுத்த நமக்கு நேரமாவதில்லை. நியூயார்க்கில் சமையல்காரராக இருந்த மேரி மாலன் டைஃபாய்டு கிருமியைச் சுமந்தவர் என்பதற்காகத் தீவு ஒன்றில் இரண்டு தவணையாக 26 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். மெனிங்கோகாக்கஸ் விஷயத்தில் இந்த மனப்போக்குக்கு அறிவியல் ஆதாரம் துளியும் இல்லை. எந்த நேரத்திலும் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இதைச் சுமந்துகொண்டிருக்கக்கூடும், பிறகு தானாகவே இழக்கக்கூடும். இறந்துபோன குழந்தைக்குக் கிருமியைக் கொடுத்தது அக்காவா, மாமாவா என்று தேடுவதால் எந்த உயிரும் பிழைக்கப்போவதில்லை. அந்தத் தேடலை மருத்துவர்கள் உறுதியாக நிறுத்த வேண்டும். துக்க வீட்டில் அந்தக் கேள்வி எழுந்தால், பதில் தேவையில்லை என்று எடுத்துச் சொல்வதும் சிகிச்சையின் பகுதியே.

தனி ஆட்களைத் தேடாமல், மொத்த மக்களின் தொண்டையிலும் ஆபத்தான வகை தங்க முடியாதபடி செய்வதே வழி. இதில் எல்லாத் தடுப்பூசியும் ஒன்றல்ல. 1970களில் வந்தவை கிருமியின் மேலுறைச் சர்க்கரையை மட்டும் கொண்டவை. போட்டுக்கொண்டவரைச் சில ஆண்டுகள் காத்தன. கைக்குழந்தைகளிடம் சரியாக வேலை செய்யவில்லை. தொண்டையில் கிருமி தங்குவதை நிலையாகத் தடுக்கவுமில்லை. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துச் செய்த இணைப்புத் தடுப்பூசிகள் இந்தக் குறையைத் தாண்டின. பிரிட்டன் 1999 நவம்பரில் சி பிரிவுக்கான இணைப்புத் தடுப்பூசியை 18 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் போடத் தொடங்கியது. 15 முதல் 17 வயது மாணவர்களின் தொண்டையை 1999இலும் மறு ஆண்டும் சோதித்தபோது, சி பிரிவைச் சுமப்பவர்கள் 66 சதவீதம் குறைந்திருந்தார்கள். அதைவிட வியப்பு, தடுப்பூசி போடாத பிள்ளைகளிடையேயும் சி பிரிவு நோய் 67 சதவீதம் குறைந்தது. ஊசி ஒருவர் கையில் விழுந்தது. உயிர் பிழைத்தது இன்னொருவர். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு அருகருகே நிற்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இதே எண்ணத்தை ஆப்பிரிக்கப் பட்டையில் செயலாக்கிய கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1996, 97 ஆண்டுகளில் ஏ பிரிவு அங்கே சுமார் இரண்டரை லட்சம் பேரைத் தாக்கியது. 25,000 பேர் இறந்தார்கள். நோய் கிளம்பிய பிறகு பழைய சர்க்கரைத் தடுப்பூசியோடு பின்னால் ஓடுவதே அதுவரை வழக்கம். ஊசி போய்ச் சேர்வதற்குள் பலர் செத்துவிடுவார்கள். 2001இல் உலக சுகாதார அமைப்பும் பாத் என்ற நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தை மார்க் லஃபோர்ஸ் நடத்தினார். ஏ பிரிவுக்கு மட்டும் ஓர் இணைப்புத் தடுப்பூசி, ஒரு டோஸ் அரை டாலருக்குள் என்பது இலக்கு. அதற்கு மேல் போனால் அந்த நாடுகளால் வாங்க முடியாது. பணக்கார நாட்டுப் பெரிய கம்பெனிகள் எதுவும் அந்த விலைக்கு முன்வராத நிலையில் புனேவின் சீரம் இன்ஸ்டிட்யூட் செய்து கொடுத்தது. பிணைக்கும் தொழில்நுட்பம் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வகத்திலிருந்து வந்தது. மென்ஆஃப்ரிவாக் என்ற அந்தத் தடுப்பூசி 2010 டிசம்பரில் புர்க்கினா ஃபாசோவில் இறங்கியது. சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள்.

யாருக்குப் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்: ஒரு வயது முதல் 29 வயது வரை எல்லோருக்கும். அந்த நாடுகளில் மக்கள்தொகையில் ஏறத்தாழ எழுபது சதவீதம் அது. குழந்தைகளைக் காப்பது மட்டுமே நோக்கமென்றால் இவ்வளவு பெரிய வட்டம் தேவையில்லை, செலவும் நான்கில் ஒரு பங்காகக்கூட இருந்திருக்கலாம். கிருமியைச் சுமந்து பரப்பும் வயதினரின் தொண்டையை அடைப்பதற்காகவே இந்தத் திட்டம். பலன் சாட் நாட்டில் பளிச்சென்று தெரிந்தது. 2011 இறுதியில் தலைநகர் என்ஜமினாவிலும் சுற்றிலும் ஊசி போடப்பட்டது. நாட்டின் மற்ற பகுதிகளுக்கு இன்னும் போகவில்லை. மறு ஆண்டு வறட்சிக் காலத்தில் ஊசி போட்ட பகுதியில் மெனிஞ்சைட்டிஸ் லட்சத்துக்கு 2.5 பேருக்கு வந்தது. போடாத பகுதியில் லட்சத்துக்கு ஏறத்தாழ 44 பேருக்கு. கிராமப்புறத்தில் ஊசிக்கு முன் தொண்டை சோதிக்கப்பட்ட 4,278 பேரில் 32 பேர் ஏ பிரிவைச் சுமந்தார்கள். ஊசிக்கு நான்கு முதல் ஆறு மாதம் கழித்து 5,001 பேரில் ஒரே ஒருவர். 2017க்குப் பிறகு அந்தப் பட்டையில் ஏ பிரிவு நோய் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. நூறாண்டுக்கும் மேலாக மக்களை வாரிக்கொண்டுபோன ஒரு கிருமி இது. நோயாளிகளைத் துரத்திக்கொண்டிருந்த வரை அது தோற்கவில்லை. நலமானவர்களிடம் இடமில்லாமல் போனதும் தோற்றது.

இங்கே ஒரு கனமான எதிர்வாதம் வரும். ஒரு களையைப் பிடுங்கினால் அந்த இடத்தில் வேறு களை முளைக்காதா? ஏ போன இடத்தில் சி வந்ததே, டபிள்யூ வந்ததே, நைஜீரியாவில் 2017இல் சி பிரிவு பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கி ஆயிரத்துக்கும் அதிகமானோரைக் கொன்றதே? உண்மை. இதை மழுப்பக் கூடாது. ஆனால் சில விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். டபிள்யூ பிரிவு, மென்ஆஃப்ரிவாக் வருவதற்கு முன்பே, 2002இல் புர்க்கினா ஃபாசோவில் சுமார் 13,000 பேரைத் தாக்கியிருக்கிறது. ஊசிக்கு முன் சாட்டில் ஏ பிரிவைச் சுமந்தவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. அவ்வளவு சிறிய இடம் காலியானதால் மற்றவை பொங்கி எழுந்தன என்பது கணக்குக்குப் பொருந்தவில்லை. 1996இன் பேரழிவுக்கு ஈடான ஒன்று அதன் பிறகு வரவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த எதிர்வாதம் தொண்டையைக் குறிவைக்கும் வழியைத் தவறென்று காட்டவில்லை. அந்த வழியில் இன்னும் அகலமாகப் போக வேண்டும் என்றே காட்டுகிறது. ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ் ஐந்தையும் ஒன்றாகக் கொண்ட தடுப்பூசி, மறுபடியும் புனேவில் தயாரானது, 2023இல் உலக சுகாதார அமைப்பின் அங்கீகாரம் பெற்றது அதனால்தான்.

பி பிரிவு என் வாதத்துக்கு ஒரு விதிவிலக்கு. அதன் மேலுறைச் சர்க்கரை மனித நரம்புத் திசுவில் உள்ளதைப் போலவே இருப்பதால் அதைக் கொண்டு தடுப்பூசி செய்ய முடியவில்லை. கிருமியின் புரதங்களைக் கொண்டு வேறு வகை செய்தார்கள். அது தொண்டையைக் காக்குமா என்று அறிய, தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017, 18இல் ஏறத்தாழ 35,000 பள்ளி மாணவர்களிடம் பெரும் ஆய்வு நடந்தது. ஓராண்டு கழித்து நோய் உண்டாக்கும் வகைகளைச் சுமந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 2.55 சதவீதம், போடாதவர்களில் 2.52. வித்தியாசமே இல்லை. ஆனால் போட்டுக்கொண்டவரை அது காக்கிறது. இங்கிலாந்தில் 2015 முதல் கைக்குழந்தைகளுக்குப் போட்டதில் மூன்றாண்டுக்குள் அந்தக் குழந்தைகளிடம் பி பிரிவு நோய் 75 சதவீதம் குறைந்தது. எனவே பி பிரிவுக்கு நேராகக் குழந்தைக்கே போட வேண்டும். பதின்வயதினருக்குப் போட்டுக் குழந்தையைக் காக்கலாம் என்று எதிர்பார்ப்பது பொய் நம்பிக்கை. ஊசி தொண்டையில் என்ன செய்கிறது என்பதை அளக்காமல் யாருக்குப் போடுவது என்று முடிவெடுக்கக் கூடாது என்பதை இந்த ஆய்வே அழுத்திச் சொல்கிறது.

மற்ற பிரிவுகளில், பிறருக்காக ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஊசி போடுவது அறமா என்றும் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளையும் வெறும் கருவி இல்லை. குழந்தைகளுக்கு அடுத்தபடி நோய் ஏறும் இரண்டாவது சிகரம் பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதின் தொடக்கத்திலும் இருக்கிறது. தனக்கும் பயன், வீட்டில் தவழும் தங்கைக்கும் பயன். பிரிட்டன் 2015இல் ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு பிரிவுத் தடுப்பூசியை இந்த வயதினருக்குக் கொடுக்கத் தொடங்கியபோது, டபிள்யூ நோய் ஊசி போடாத பிற வயதினரிடமும் இறங்கியது.

தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் ஹஜ் பயணம் போகிறவர்களுக்கு நான்கு பிரிவு மெனிங்கோகாக்கஸ் ஊசி கட்டாயம். அதன் பின்னணி 2000ஆம் ஆண்டு ஹஜ். அப்போது பயணிகள் போட்டிருந்த ஊசி ஏ, சி இரண்டுக்குமானது. டபிள்யூ பிரிவு பரவி, பயணிகளும் அவர்கள் திரும்பிய வீடுகளில் இருந்தவர்களுமாக உலகெங்கும் 400க்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டார்கள். மறு ஆண்டு சிங்கப்பூரிலிருந்து போனவர்களின் தொண்டையைப் போகுமுன்னும் வந்த பின்னும் சோதித்தார்கள். போகும்போது ஏறக்குறைய எவரிடமும் இல்லை. திரும்பியபோது 17 சதவீதம் பேரிடம் இருந்தது, பெரும்பாலும் டபிள்யூ. வீட்டாருக்கும் தொற்றியிருந்தது. இவர்கள் நான்கு பிரிவுச் சர்க்கரைத் தடுப்பூசி போட்டுக்கொண்டு போனவர்கள். ஊசி அவர்களைக் காத்தது, அவர்கள் தொண்டையைக் காக்கவில்லை. இன்று சவூதி அரசு பழைய சர்க்கரை வகையையும் இணைப்பு வகையையும் ஏற்கிறது. நம் பயணிகளுக்கு எதைப் போடுவது என்று முடிவுசெய்யும்போது, விசா விதி நிறைவேறுகிறதா என்று மட்டும் பார்க்காமல், திரும்பி வந்து பேரக்குழந்தையைத் தூக்கி முத்தமிடப் போகிறவரின் தொண்டையையும் நினைத்து, இணைப்பு வகையையே அரசு தேர்ந்தெடுக்க வேண்டும். டெல்லியில் 1966, 1985, 2005 ஆண்டுகளில் இந்த நோய் கொத்தாகப் பரவியிருக்கிறது. இது நமக்கு அந்நியமான கிருமி இல்லை.

மெனிஞ்சைட்டிஸின் இன்னொரு காரணமான ஹிப் கிருமிக்கு எதிராக இணைப்புத் தடுப்பூசியை நாம் ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கிறோம். 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியை இந்தியாவிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். அதில் இருக்கும் ஹிப் பகுதி இணைப்புத் தடுப்பூசிதான். தொண்டையில் கிருமி தங்குவதைக் குறைப்பதால், போடாத குழந்தைகளையும் சேர்த்துக் காப்பது என்று உலகின் பல நாடுகளில் நிரூபணமானது. ஆனால் நம் தடுப்பூசித் திட்டங்களின் வெற்றியை இன்னும் எத்தனை டோஸ் போட்டோம் என்ற எண்ணிக்கையாலேயே அளக்கிறோம். நைஜீரியா 2024இல் ஐந்து பிரிவு மெனிங்கோகாக்கஸ் ஊசியை உலகில் முதன்முதலாக மக்களிடம் கொண்டுபோனபோது, மறுபடியும் ஒரு வயது முதல் 29 வயது வரை என்றே வட்டம் வகுத்தது. சாட்டில் செய்ததைப் போல, ஊசி போட்ட ஊர்களில் ஆரோக்கியமானவர்களை வாயைத் திறக்கச் சொல்லி, உள்நாக்குக்குப் பின்னால் பஞ்சுக்குச்சியை விட்டுப் பார்க்கும் வேலை அங்கேயும் நடக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஊசிச் செலவில் மிகச் சிறு பங்கு. எக்ஸும் சியும் உண்மையிலேயே இடம் இழக்கின்றனவா, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை ஊசியைப் புதுப்பிக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு மருத்துவமனைப் பதிவேடுகள் பதில் தரும்போது, காலம் கடந்திருக்கும். தொண்டை மாதிரிகள் ஒரு பருவத்துக்கு முன்பே சொல்லிவிடும்.